பாரிஸ்ல நல்ல ஒயின், நல்ல சாப்பாடு: எங்க போறது?

பயணப்பை:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர்ல நானும் மனைவியும் பாரிஸ் போறோம், மொத்தம் அஞ்சு ராத்திரி. கல்யாணமாகி பத்து வருஷம் ஆகுது, அதுக்காக ரெண்டு வருஷமா சேத்து வச்ச காசு, அதனால ஏனோதானோன்னு செலவு பண்ண மனசு வரல. கோபுரம், மியூசியம், ஷாப்பிங் எல்லாம் அவ பொறுப்பு, சாயங்காலம் எங்க உக்காந்து நல்ல ஒயின் குடிச்சு நல்லா சாப்பிடறதுங்கறது என் பொறுப்புன்னு பாகம் பிரிச்சாச்சு. என் லட்சணம் என்னன்னா ஒயின்ல சிவப்பு, வெள்ளை ரெண்டு கலர் இருக்குங்கறதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. யூட்யூப்ல பாத்தா எல்லாரும் ஒரே பத்து கடையதான் சுத்தி சுத்தி காட்டறாங்க, அதுலயும் பாதி பேர் சாப்பாட்ட விட மேசைய தான் போட்டோ எடுக்கறாங்க.

ஒரு நாள் மட்டும் ரெண்டு பேருக்கும் சேத்து 150 யூரோ வரைக்கும் போகலாம், மத்த நாள் 60, 70க்குள்ள முடிச்சா நிம்மதி. இன்னொரு சிக்கல், அவ சைவம். முட்டை, சீஸ் சாப்பிடுவா, ஆனா மீன் கூட கிடையாது. நான் எதுவா இருந்தாலும் இறங்கிருவேன். எந்த ஏரியா போகணும், ஒயின் லிஸ்ட்ட எப்படி படிக்கணும், முன்னாடியே புக் பண்ணணுமா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கார்க்குதிருகி:

பாஸ், நான் அங்க படிக்கறப்போ மூணு வருஷம் இருந்தேன், கையில காசில்லாத காலம், ஆனா ஒயின் மட்டும் ஒழுங்கா குடிச்சேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க "ஒயின் குடிக்க ஒரு இடம், சாப்பிட ஒரு இடம்"னு தேடாதீங்க. அங்க ஒயின் கடைக்குள்ளயே நாலு மேசை போட்டு சமைச்சுப் போடற இடங்கள் இருக்கு, காவ் ஆ மான்ஜேன்னு சொல்லுவாங்க. சுவத்து பூரா பாட்டில், ஒவ்வொண்ணு கழுத்துலயும் கடை விலை தொங்கும். பார்சல் வாங்கினா அந்த விலை, அங்கயே உக்காந்து குடிச்சா பாட்டிலுக்கு இவ்ளோன்னு ஒரு கட்டணம் மேல போட்டுக்குவாங்க, அவ்ளோதான். சாதாரண ரெஸ்டாரன்ட்ல பாட்டில் விலை கடை விலையைவிட மூணு மடங்கு இருக்கறது சகஜம், அதனால இது எவ்வளவு லாபம்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. விலை ஏற ஏற லாபமும் ஏறும், ஏன்னா மேல போடற கட்டணம் 15 யூரோ பாட்டிலுக்கும் 50 யூரோ பாட்டிலுக்கும் ஒண்ணுதான். இந்த மாதிரி கடைகள்ல பேர் போனது சான் மார்த்தான் கால்வாய்க்குப் பக்கத்துல லான்க்ரி தெருவுல இருக்கற லு வேர் வொலே. சின்ன இடம், புக் பண்ணாம போனா வாசல்லயே நிக்க வேண்டியதுதான். இன்னொண்ணு, இந்த கடைகள் நிறைய எடுத்து வச்சிருக்கற லைசென்ஸ்படி சாப்பாட்டோடதான் மது ஊத்தலாம், அதனால ஏதாவது ஒரு தட்டு ஆர்டர் பண்ணச் சொல்லுவாங்க, தலையில கட்டறாங்கன்னு நெனச்சு கோவப்படாதீங்க.

ஏரியான்னு கேட்டா ரெண்டு சொல்றேன். ஒண்ணு பழைய மவுசு, பலே ரொயால் தோட்டத்துக்குப் பின்பக்கம். பெத்தி ஷான் தெருவுல 1980ல ஒரு ஆங்கிலேயர் ஆரம்பிச்ச வில்லிஸ் ஒயின் பார் இருக்கு, பிரெஞ்சுக்காரங்களுக்கு பிரெஞ்சு ஒயினை ஒரு இங்கிலீஷ்காரன் ஊத்திக் குடுத்த கதை. பிரெஞ்சு தெரியலன்னு நீங்க கவலைப்படற மாதிரி இருந்தா அங்க நிம்மதி. கூப்பிடு தூரத்துல காலெரி விவியென்னு கண்ணாடி கூரை போட்ட பழைய பாதை ஒண்ணு, 1820கள்ல கட்டினது, கீழ மொசைக் தரை. அதுக்குள்ள லெக்ரான்னு ஒரு கடை, முன்பக்கம் தெருவுல இருந்து பாத்தா மிட்டாய் ஜாடி அடுக்கின மளிகைக்கடை மாதிரி இருக்கும், உள்ள போனா ஒயின். சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல கவுன்ட்டர்ல ஒரு கிளாஸ் சொல்லிட்டு உக்காந்தீங்கன்னா மேல கண்ணாடி வழியா வெளிச்சம் மங்கறது தெரியும், உங்க மனைவி இதுக்கே பத்து வருஷத்தையும் மன்னிச்சிருவாங்க.

ரெண்டாவது ஏரியா பாஸ்டிலுக்கு கிழக்க, 11ம் 12ம் வட்டாரம். அலிக்ர் சந்தை காலைல நடக்கும், திங்கக்கிழமை கிடையாது. சந்தைக்குப் பக்கத்துலயே லு பரோன் ரூஜ்னு ஒரு ஒயின் பார், உள்ள ஆளுயரத்துக்கு பீப்பாய் அடுக்கி வச்சிருப்பாங்க, ஏரியா ஆளுங்க காலி பாட்டிலை எடுத்துட்டு வந்து நம்ம ஊர்ல எண்ணெய் வாங்கற மாதிரி ரொப்பிட்டு போவாங்க. உக்கார இடம் கம்மி, பாதி கூட்டம் தெருவுல நின்னுதான் குடிக்கும், குளிர்காலத்துல வார இறுதின்னா வாசல்லயே சிப்பி உடைச்சுத் தருவாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா பஸ்ஃப்ருவா தெருவுல செப்தீம் லா காவ்னு இன்னொரு ஒயின் பார், இன்னும் கொஞ்சம் நடந்தா போல் பெர் தெரு, அங்க பிஸ்த்ரோ போல் பெர், பிஸ்த்ரோன்னா ஆடம்பரமில்லாத சின்ன ரெஸ்டாரன்ட். உங்க 150 யூரோ ராத்திரிக்கு என் ஓட்டு அதுக்குத்தான், ஆனா அது கறி சாப்பிடறவங்க கடை, மிளகு ஸ்டீக்குதான் அங்க பேரே. மனைவிக்கு என்ன இருக்குன்னு புக் பண்றப்பவே கேட்டுருங்க.

லிஸ்ட்ட படிக்கறது பத்தி அப்புறம் வந்து எழுதறேன், இப்ப மீட்டிங்.

கணக்குப்பிள்ளை:

கடை பேரெல்லாம் மத்தவங்க சொல்லுவாங்க, நான் பில்லு மேட்டர் மட்டும் சொல்றேன், ஏன்னா நான் அடி வாங்கி கத்துக்கிட்டது. போன வருஷம் ஒரு பெரிய தேவாலயத்துக்கு எதிர்ல, பேர் வேணாம், அழகா சிவப்பு பந்தல் போட்டு வாசல்ல ஒருத்தர் அஞ்சு பாஷைல கூப்பிட்டுக்கிட்டு இருந்தார். உக்காந்தோம். தண்ணி கேட்டேன், கேள்வியே கேக்காம சீல் பாட்டில் திறந்து ஊத்திட்டார், 8 யூரோ. ஒயின் ரெட் ஒரு கிளாஸ் சொன்னேன், ரசம் மாதிரி வெதுவெதுப்பா வந்துச்சு. கடைசில கார்டு மிஷின நீட்டி "சர்வீஸ் சேக்கல, எவ்வளவு போடட்டும்"னு சிரிச்சார், நானும் அசடு மாதிரி 15 சதவீதம் போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பிரான்ஸ்ல மெனுல போட்டிருக்கற விலைலயே சர்வீஸ் சேந்துதான் இருக்கும், சட்டமே அப்படித்தான், வரியும் உள்ளதான். பில்லுல கீழ சர்வீஸ் கொம்ப்ரின்னு போட்டிருப்பாங்க பாருங்க. திருப்தியா இருந்தா ரெண்டு யூரோ சில்லறை மேசைல வச்சுட்டு வாங்க, அது உங்க இஷ்டம்.

தண்ணிக்கு "கராஃப் தோ"ன்னு சொல்லுங்க, குழாய்த் தண்ணி ஜாடில வரும், காசு கிடையாது. இலவச தண்ணி கேக்கலாம்னு ரெஸ்டாரன்ட்டுங்க வெளிப்படையா எழுதி வைக்கணும்னு 2020ல சட்டமே போட்டாங்க. ரொட்டியும் அப்படித்தான், கூடை காலியானா இன்னொண்ணு கேக்கலாம். மிச்சத்த பார்சல் கேக்க வெக்கப்படாதீங்க, 2021 ஜூலைல இருந்து டப்பா குடுத்தே ஆகணும்.

அப்புறம் அளவு. கிளாஸ்னா 12 இல்ல 15 சென்டிலிட்டர், லிஸ்ட்லயே போட்டிருக்கும், பாக்காம விலைய மட்டும் ஒப்பிடாதீங்க. பாட்டில் 75. ஆளுக்கு மூணு கிளாஸ்னா பேசாம பாட்டிலா வாங்கிருங்க. மதியம் ஃபோர்முல்னு ரெண்டு ஐட்டம் மூணு ஐட்டம் சேத்து ஒரு விலை போடுவாங்க, ராத்திரி 45 யூரோ ஆகற அதே சமையல் மதியம் 25க்குள்ள கிடைக்கும். பெரிய சாப்பாட்ட மதியம் வச்சுக்கிட்டு ராத்திரி ஒயினும் சீஸ் தட்டும்னு போனா பட்ஜெட் தப்பிச்சுது.

அடுப்படி:

வணக்கம். நான் இஞ்ச பாரிஸில பதினாலு வருசமா ரெஸ்ரோரண்ட் குசினியிலதான் வேலை. முதல் கோப்பை கழுவினனான், இப்ப அடுப்படியில நிக்கிறன். முந்தி எனக்கும் வைன் எண்டா என்னெண்டு தெரியாது, பத்ரோன், அதான் முதலாளி, ஒவ்வொரு நாளும் சேவிஸ் முடிய மிஞ்சின போத்தலுகளில ஒரு சொட்டு ஊத்தித் தந்து இது என்ன ஊர் சொல்லு பாப்பம் எண்டு கேக்கத்தான் பழகினது. பிழையாச் சொன்னா அடுத்த நாள் வெங்காயம் முழுக்க நான்தான் உரிக்கவேணும்.

தம்பி, குசினியில நிக்கிற ஆளாச் சொல்லுறன், கடைய வெளியில நிண்டே கண்டுபிடிக்கலாம். மெனு படத்தோட ஆறு பாசையில இருந்தா திரும்பிப் பாக்காமப் போங்கோ. கரும்பலகையில சோக்கால எழுதி, சாப்பாடு ஏழெட்டு வகைக்கு மேல இல்லையெண்டா உள்ள ஒராள் உண்மையாச் சமைக்கிறார் எண்டு அர்த்தம். அறுபது வகை எழுதியிருக்கிற கடையில ஒருத்தராலயும் ஒரு நாளில அவ்வளவும் சமைக்கேலாது, பிறீசரில இருந்துதான் வரும். 2014ல இருந்து ஒரு அடையாளம் இருக்கு, சட்டிக்கு மூடியா வீட்டுக் கூரை வைச்ச மாதிரி ஒரு சின்னப் படம், அது போட்டிருந்தா அந்தச் சாப்பாட்ட பச்சைச் சாமானில இருந்து அங்கயே செய்யினம் எண்டு. அது இல்லாத நல்ல கடையும் இருக்கு, ஆனா இருந்தா ஒரு ஆறுதல்.

கிளாசில வைன் குடிக்கிறதெண்டா ஒரு கேள்வி கேளுங்கோ, இந்தப் போத்தல் எப்ப திறந்தது எண்டு. கூச்சமில்லாம கேக்கலாம். நல்ல கடைக்காரன் போத்தலக் கொண்டுவந்து காட்டி உங்களுக்கு முன்னாலயே ஊத்துவான். கோபிக்கிறவன்ர கடையில ஒரு பியரக் குடிச்சிட்டு எழும்பிடுங்கோ.

மனிசி சைவம் எண்டா கவனம். "வியாந்த்", அதாவது இறைச்சி, இல்லை எண்டு மட்டும் சொன்னா மீன் வரும், சிலநேரம் பன்றியும் வரும், ஏனெண்டா அவங்களுக்கு வியாந்த் எண்டா மாட்டிறைச்சி மாதிரி ஒண்டு, ஷாம்போன் எண்ட பன்றித் தொடையெல்லாம் வேற கணக்கு. "வெஜெதாரியென்" எண்டு சொல்லுங்கோ, பிறகு மீனும் இல்லை, ஷாம்போனும் இல்லை எண்டு திருப்பிச் சொல்லுங்கோ. வெங்காய சூப்பில மாட்டெலும்புச் சாறு இருக்கும். சூடான ஆட்டுச்சீஸ் சாலட் எண்டு நம்பி எடுத்தா மேல லார்டோன் தூவி வரும், அதுவும் பன்றிதான். உண்மையில சுத்த சைவம் எண்டா சீஸிலயும் பிரச்சினை இருக்கு, கொம்தே, கமம்பேர் மாதிரி பழைய முறை சீஸெல்லாம் கண்டுக்குட்டி வயித்தில எடுக்கிற உறைய வைச்சுத்தான் செய்யிறது. சொல்லாம விடக்கூடாது எண்டு சொல்லுறன், பாக்கிறதும் விடுறதும் அவவின்ர விருப்பம்.

பயணப்பை:

ஐயோ அண்ணா, சீஸ் மேட்டர் படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "இத்தன வருஷமா தெரியாம சாப்பிட்டாச்சு, இன்னும் அஞ்சு நாள் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்"னு சொல்லிட்டா. அந்த அத்தியாயம் க்ளோஸ்.

கார்க்குதிருகி பாஸ், மீட்டிங் முடிஞ்சுதா? லிஸ்ட்ட எப்படி படிக்கறதுன்னு சொல்றேன்னீங்களே.

கார்க்குதிருகி:

வந்துட்டேன். பிரெஞ்சு லேபிள்ல திராட்சை பேர் பெரும்பாலும் இருக்காது, ஊர் பேர்தான் இருக்கும், அல்சாஸ் ஒயின் மட்டும் விதிவிலக்கு. அதனால எந்த ஊருக்கு எந்த திராட்சைன்னு ஒரு அஞ்சாறு மனப்பாடம் பண்ணிட்டா போதும். பர்கண்டி சிவப்புன்னா பினோ நுவார், பர்கண்டி வெள்ளைன்னா ஷார்தொனே. சான்சேர் வெள்ளை சோவின்யோன். வூவ்ரே ஷெனான். போர்தோல ஆத்துக்கு இடது கரைன்னா கபர்னே சோவின்யோன் தூக்கலா இருக்கும், வலது கரைன்னா மெர்லோ.

ஆனா உங்க பட்ஜெட்டுக்கும் அனுபவத்துக்கும் நான் சொல்றது போஜோலே. பேரைக் கேட்டாலே நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்ற அந்த புது ஒயின் கூத்துதான் ஞாபகம் வரும், அத விடுங்க. போஜோலேக்குள்ள பத்து கிராமப் பகுதி தனியா தரம் பிரிச்சது இருக்கு, மோர்கோன், ஃப்ளூரி, முலான் ஆ வான், ப்ரூயீன்னு, லேபிள்ல போஜோலேன்னு கூட பல சமயம் இருக்காது, கிராமம் பேர் மட்டும்தான். எல்லாமே காமேங்கற ஒரே திராட்சை. கசப்பு துவர்ப்பு கம்மி, பழம் தூக்கலா, புதுசா குடிக்கறவங்களுக்கும் பிடிக்கும், ஊறினவங்களும் மதிப்பாங்க, பர்கண்டி விலைல பாதி கூட இருக்காது. இத லேசா குளிர வச்சுத்தான் குடிக்கணும், 13, 14 டிகிரி. சூடா வந்துச்சுன்னா ஐஸ் வாளி கேளுங்க, சிவப்புக்கு ஐஸான்னு யாரும் சிரிக்க மாட்டாங்க, தெரிஞ்சவன்னு நெனச்சுக்குவாங்க. மனைவிக்கு ஆட்டுச்சீஸ் பிடிச்சா அதுக்கு சான்சேர், கண்ணை மூடிட்டு சொல்லலாம், ஷவின்யோல்ங்கற ஆட்டுச்சீஸ் ஊர் சான்சேர் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுலயே இருக்கு.

ஒரு தந்திரம். விலைய வாய்விட்டு சொல்ல கூச்சமா இருந்தா லிஸ்ட்ல உங்களுக்கு கட்டுப்படியாகற ஒரு விலை மேல விரல வச்சு "இந்த மாதிரி ஒண்ணு"ன்னு சொல்லுங்க. பாட்டிலை காட்டற மாதிரி இருக்கும், அவங்களுக்கு விலைன்னு புரிஞ்சுரும், எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு புரியாது.

அப்புறம் அந்த ருசி பாக்கற சடங்கு. பாட்டில் திறந்ததும் உங்க கிளாஸ்ல கொஞ்சூண்டு ஊத்திட்டு நிப்பாங்க. பிடிச்சிருக்கான்னு கேக்கறதில்ல அது, கெட்டிருக்கான்னு பாக்கத்தான். மோந்து பாருங்க போதும். மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி, ஈரம் போகாத தரைத்துணி, அந்த மாதிரி வாசம் வந்தா கார்க்குல இருந்து வந்த கெடுதல், "பூஷோனே"ன்னு சொன்னா வேற பாட்டில் மாத்தித் தருவாங்க. நான் மொத தடவை கண்டுபிடிச்சப்போ சொல்ல பயந்துட்டு முழு பாட்டிலையும் குடிச்சேன். மறுநாள் வரைக்கும் வாயில அட்டைப்பெட்டி.

புளிச்சகீரை:

எல்லாம் சரி, ஆனா மேல சொன்ன வேர் வொலே, செப்தீம் லா காவ் ரெண்டுமே நேச்சுரல் ஒயின் பக்கம் சாஞ்ச கடைங்கன்னு யாரும் எச்சரிக்கலயே? மருந்தடிக்காத தோட்டம், வெளியில இருந்து ஈஸ்ட் போடாம, கந்தகம் சேக்காம இல்ல துளியூண்டு சேத்து செய்யறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு கடைல குடிச்சது கலங்கலா, நீராகாரம் புளிச்ச மாதிரி, மேல லேசா மாட்டுக்கொட்டகை வாசம். கேட்டா "உயிருள்ள ஒயின்"னு சொன்னார் அந்த பையன். உயிர் இருந்துச்சு, ஒத்துக்கறேன். மொத தடவை போறவங்களுக்கு இதுவா அறிமுகம்?

கார்க்குதிருகி:

நியாயமான கேள்விதான். நேச்சுரல்லயும் சுத்தமா செய்யறவங்க எக்கச்சக்கம் பேர், முன்ன சொன்ன மோர்கோன் பக்கமே அதுக்கு பழைய கோட்டை. "கலங்கல் வேண்டாம், புளிப்பு தூக்கலா வேண்டாம், சுத்தமா இருக்கணும்"னு மொதல்லயே சொல்லிட்டா அந்த மாதிரி எடுத்துத் தருவாங்க. ஆனா சொல்லாம விட்டா உங்க தலையெழுத்துதான், அதுல உங்க கட்சி நான்.

ஜன்னல்சீட்:

150 யூரோவ வச்சுக்கிட்டு பிஸ்த்ரோவா? பத்து வருஷத்துக்கு ஒரு தடவைங்க. டூர் தார்ஜான் ரெஸ்டாரன்ட் போங்க, நோத்ர் தாம் தேவாலயம் ஜன்னல்ல தெரியும். ஒயின் லிஸ்ட்டே எட்டு கிலோ எடை, பாதாளத்துல மூணு லட்சம் பாட்டில். 1940ல ஜெர்மன்காரன் உள்ள வர்றதுக்கு முன்னாடி நல்ல பாட்டிலையெல்லாம் சுவர் எழுப்பி மறைச்சு வச்ச கடை அது.

கணக்குப்பிள்ளை:

அந்த 150க்கு அங்க ரெண்டு பேர் சாப்பிடவே முடியாது சார், ஒயின் லிஸ்ட்ட தூக்கிப் பாத்துட்டு வரலாம், எட்டு கிலோவுக்கு உடற்பயிற்சி ஆகும்.

அடுப்படி:

அந்தக் கடைக் கதை எல்லாம் உண்மை, ஆனா அது கலியாண வீட்டுக்குப் போற மாதிரி, நகைநட்டோட போய் நேரா நிமிந்து இருந்து சாப்பிடவேணும். தம்பிக்கு அது வேண்டாம் எண்டு நினைக்கிறன்.

இன்னொண்டு சொல்ல மறந்திட்டன். கொம்தே சீஸ் எங்கயாவது கண்டா அதோட ஜூரா எண்ட பகுதி வைன் ஒரு கிளாஸ் கேளுங்கோ, வான் ஜோன் எண்டு. மஞ்சள் வைன். பீப்பாயில விட்டு ஆறு வருசமும் மூண்டு மாசமும் தொடாம வைப்பினம், ஆவியாப் போறத நிரப்பவும் மாட்டினம், மேல ஈஸ்ட் ஆடை மாதிரிப் படரும். ஒரு லீட்டர் விட்டா 62 சென்டிலீட்டர்தான் மிஞ்சும் எண்டு போத்தலும் அந்த அளவிலதான், கட்டையாக் குண்டா இருக்கும். முதல் வாய் சோயா சோஸ் மாதிரி, வறுத்த கச்சான் மாதிரி ஒரு விசர் ருசி. சீஸ் ஒரு துண்டு கடிச்சிட்டுத் திரும்பக் குடிச்சுப் பாருங்கோ. என்ர பத்ரோன் இதைத் தந்துதான் என்னை மடக்கினவர், நான் அண்டைக்கு விஸ்கி எண்டு சொல்லி ரெண்டு மூட்டை வெங்காயம் உரிச்சனான்.

அக்டோபர் எண்டா மொன்மாத்ர் திராட்சை விழாவும் வரும், அந்த மேட்டில ஒரு துண்டுத் தோட்டம் இன்னும் இருக்கு, 1930கள்ல நட்டது. விழாவப் பாக்கப் போங்கோ, அந்தத் தோட்டத்து வைனுக்காகப் போகாதேங்கோ. கடைசி மெட்ரோ நேரத்தையும் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ, வெள்ளி சனி ராத்திரி ரெண்டு மணி தாண்டியும் ஓடும், மற்ற நாளில ஒரு மணியோட சரி. ஞாயிறு, திங்கள் கன கடை பூட்டு. மூண்டாம் நாள் நாக்கு உறைப்புக் கேட்டா லா ஷப்பெல் பக்கம் வாங்கோ, அங்க நாங்கள் எல்லாரும் இருக்கிறம்.

பயணப்பை:

திரும்பி வந்தாச்சு மக்களே, ரிப்போர்ட் குடுக்காம இருந்தா நன்றி கெட்ட தனம். லேட்டானதுக்கு மன்னிக்கணும், துணி துவைக்கவே ஒரு வாரம் ஆச்சு.

மொத நாளே சொதப்பல். போய் இறங்கினது ஞாயித்துக்கிழமை ராத்திரி, மறுநாள் திங்கள், அடுப்படி அண்ணா அவ்ளோ தெளிவா சொல்லியும் நான் பாட்டுக்கு சந்தை பக்கம் கூட்டிட்டு போயிட்டேன், சந்தையே இல்ல, நான் குறிச்சு வச்சிருந்த கடை ஷட்டர் முன்னாடி ஒரு புறா மட்டும் உக்காந்திருந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லல, அதுதான் பயமா இருந்துச்சு. மெட்ரோ புடிச்சு பூயோன் ஷார்த்தியே போயிட்டோம், 1896ல இருந்து இருக்கற கடையாம், புக்கிங் எல்லாம் கிடையாது, வரிசைல நாப்பது நிமிஷம். உள்ள போனா ரயில்வே ஸ்டேஷன் மாதிரி சத்தம், மேல லக்கேஜ் வைக்கற மாதிரி பித்தளை ரேக்கு, தெரியாத ரெண்டு பேரோட ஒரே மேசைல உக்கார வச்சுட்டாங்க. சர்வர் வந்து மேசை மேல விரிச்ச பேப்பர்லயே ஆர்டர எழுதினார், சாப்பிட்டு முடிச்சதும் அதே பேப்பர்ல கூட்டல் போட்டு அடிக்கோடு இழுத்துட்டு போயிட்டார். அவ முட்டை மயோனேஸ் ஒண்ணு சாப்பிட்டுட்டு இன்னொண்ணு சொன்னா. ஒயின் ஜாடில வந்தது சுமார்தான், ரெண்டு பேருக்கும் சேத்து 50 யூரோ கூட தாண்டல, கோவம் போயிருச்சு.

லெக்ரான் போனோம், காலெரி விவியென் வெளிச்சம் பத்தி நீங்க எழுதினது வரிக்கு வரி உண்மை. பத்து வருஷத்த மன்னிக்கறது பத்தி கேட்டேன், அஞ்சு வருஷத்துக்குத்தான் தள்ளுபடியாம்.

ஆனா மறக்க முடியாதது புதன்கிழமை பரோன் ரூஜ். மணி ஆறரை இருக்கும், உள்ள நுழையவே தோளால தள்ள வேண்டியிருந்துச்சு. கரும்பலகைல என்னென்னவோ எழுதியிருக்கு, ஒண்ணும் புரியல. எனக்கு முன்னாடி நின்ன ஒரு பாட்டி, தலை பூரா நரை, கையில துணிப்பை, பைக்குள்ள ரெண்டு காலி பாட்டில். கவுன்ட்டர்காரர் அத வாங்கி பீப்பாய் குழாய்க்கு கீழ சாய்ச்சுப் பிடிச்சு, நுரை கழுத்துக்கு வர்றப்ப நிறுத்தி, ஒரு நிமிஷம் அடங்க விட்டு, திரும்ப ரொப்பி, கார்க்க உள்ளங்கையால தட்டி அடைச்சார். அந்தம்மா என்னைப் பாத்து ஏதோ கேட்டாங்க, நான் முழிச்சேன், என் மனைவி அந்த பீப்பாயவே கைகாட்டி ரெண்டு விரல தூக்கினா. வந்துச்சு ரெண்டு கிளாஸ். வெளில ஒரு பீப்பாய் மேல கிளாஸ வச்சுக்கிட்டு, ஒரு தட்டு சீஸ், ரொட்டி, தூறல் போட ஆரம்பிச்சுது, யாரும் உள்ள போகல, நாங்களும் போகல.

150 யூரோ ராத்திரி வேர் வொலேல போட்டுட்டோம், பத்து நாள் முன்னாடியே புக் பண்ணினேன். "கலங்கல் வேண்டாம், சுத்தமா இருக்கணும்"னு சொன்னேன், அந்த பொண்ணு சிரிச்சுட்டு மேல் தட்டுல இருந்து ஒரு மோர்கோன் எடுத்துட்டு வந்தாங்க. மோந்து பாத்தேன், அட்டைப்பெட்டி இல்ல. அவளுக்கு காய்கறி தட்டு ரெண்டு விதமா செஞ்சு குடுத்தாங்க. பாட்டில் காலியானது தெரியல, 138 யூரோ. புளிச்சகீரை சார், மாட்டுக்கொட்டகை எதுவும் வரல.

புளிச்சகீரை:

சந்தோஷம் சார், தப்பிச்சீங்க. அந்த மோர்கோன் யார் தயாரிச்சதுன்னு பேர் சொல்லுங்க, எனக்கும் ஒரு வாய்ப்பு குடுத்துப் பாக்கறேன்.

பயணப்பை:

போட்டோ எடுத்தேன் சார். அவ பாட்டிலை பிடிச்சுக்கிட்டு போஸ் குடுத்தா, கட்டைவிரல் சரியா அந்த பேர் மேல.

அடுப்படி:

வருசமாவது தெரியுதோ?

பயணப்பை:

அது ஆள்காட்டி விரலுக்கு கீழ இருக்கு அண்ணா.